இரண்டு வகை ஆணிகள்

மேரிபரோவில்
ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
கட்டைக் கால்களில் நிற்கும் மரவீடு.
ஏலத்தில் எடுத்த அன்று கோரின் சொன்னான்:
எலும்பு நல்ல எலும்பு,
தோலை மாற்றினால் போதும்.

மூன்றாம் நாள் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
முகமூடி போட்டுக்கொள், பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும்
என்று அடுத்த அறையிலிருந்து கத்தினான்.
வெள்ளைக்குக் கீழே வெளிர்பச்சை,
அதற்குக் கீழே பாலாடை நிறம்,
அதற்குக் கீழே பெயர் தெரியாத ஒரு பழுப்பு,
அதற்குக் கீழே
மரம் இல்லை.
கட்டைவிரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று
பழைய ரொட்டிக்குள் போவது போல.

இத்தனை வருடம்
கதவைத் தாங்கி நின்றது
நான்கு பூச்சு வண்ணம்.

சுவரடிப் பலகையில் ஒரு தகரம்.
அதையும் சேர்த்தே பூசியிருந்தார்கள்.
நெம்பிப் புரட்டினால் பிஸ்கட் டப்பா மூடி,
மஞ்சள் கொண்டைக் கிளி
கடையில் வாங்கிய அன்றைய பளபளப்போடு.
யார் அடித்தது,
எங்களுக்கு விற்ற ஹேபர்லினா,
அவருக்கு விற்ற ஆக்ஸன்ஹாமா?
ஆணிகள் எட்டு.
ஐந்து துருப்பிடித்த சதுரத் தலை,
மூன்று உருண்டைத் தலை.
ஆக, ஒருவர் மூடியிருக்கிறார்.
இன்னொருவர் திறந்து பார்த்துவிட்டு
மறுபடி மூடியிருக்கிறார்.

செல் என்றால் போ என்று பொருள்.
எத்தனை பேர் விரட்டியும் செல்லாத செல்.
கரையான் புற்றெடுக்கும், பாம்பு குடிபுகும் என்பார்கள்.
பத்திரத்தில்
எங்கள் பெயர்தான் இருக்கிறது.

லஃபாயெலே வந்தான்.
சமோவாக்காரன், வாசலில் குனிந்து நுழையும் உயரம்,
முழங்காலில் ரப்பர் பட்டை.
திருப்புளியின் பிடியால் சுவர் நெடுகத் தட்டினான்.
டொக். டொக். டொப்.
இங்கே காதை வை என்றான்.
உள்ளே தூறல்போல ஒரு சத்தம்.
காவல்கார எறும்புகளா என்றேன்.
எறும்பே இல்லை, கரப்பானுக்கு உறவு என்று சிரித்தான்.

உடைக்காதே, கோபத்தில் மருந்தைப் பீய்ச்சாதே.
ஊசித் துளை ஒன்று, கொஞ்சம் பொடி,
மேலே ஒட்டுநாடா.
இரண்டு வாரம் எதையும் அசைக்கக் கூடாது,
அவை எப்போதும்போல இருக்க வேண்டும்.

அப்புறம் எப்படிச் சாகும்?

ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்யும்,
வாயோடு வாய் வைத்து ஊட்டும்,
அவ்வளவுதான் என்றான்.
ரசீதை எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் வெறுங்காலோடு நடந்தோம்.
சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகப் போட்டோம்.
பட்டி வை, பூசு,
குளிர்காலத்தில் விற்றுவிடலாம் என்றான்.
சமையலறைக்கு வைத்திருந்த பணம் முழுக்க
இந்தச் சுவருக்கே போய்விடும் என்றான்.
கணக்கு சரிதான்.
மூன்றாவது வகை ஆணி வாங்கணுமா என்று கேட்டேன்.
அன்றிரவு சோபாவில் படுத்தான்.

காலையில்
என் தலைமுடியில் ஒட்டியிருந்த வண்ணச் செதில்களை
நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தான்.
நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்தாம் நாள் லஃபாயெலே காதை வைத்தான்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
பிறகு ரம்பத்தை எடு என்று கோரினிடம் சொன்னான்.

பதினோரு அடிச் சுவர், கட்டைக் கால் இரண்டு.
சமையலறை பழைய சமையலறையாகவே இருக்கிறது.
அடுப்புக்கு மேல் கிளி சாய்ந்து நிற்கிறது,
ஆணிகள் ஜாம் பாட்டிலில்.

எனக்குத்தான் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது.
மேசையைத் தட்டுகிறேன், படிக்கட்டைத் தட்டுகிறேன்,
சனிக்கிழமைச் சந்தையில் பூசணிக்காரி முறைக்கும் வரை தட்டினேன்.
நேற்று நடுராத்திரி
கோரினின் முதுகை, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே,
இரண்டு விரலால்.

தூக்கத்திலேயே
யாரது என்றான்.